கவ்பாய் படத்துல ஆம்பளைங்க நட்பு: துப்பாக்கிய விடுங்க, அந்த சிகரெட்ட பாருங்க

கேள்வி, பிப்ரவரி 6
அக்கா, எப்ப பாத்தாலும் வெஸ்டர்ன் வெஸ்டர்ன்னு சொல்றீங்க. நானும் ரெண்டு மூணு படம் ட்ரை பண்ணிட்டேன். தூசி, குதிரை, முறைச்சுக்கிட்டே நிக்கிற ஆளுங்க, கடைசில டப்பு டப்புன்னு சுட்டு முடிச்சிடுறாங்க. இதுல நட்பு பிரமாதமா இருக்கும்னு வேற எழுதியிருந்தீங்க. ஹீரோவும் அவன் ஃப்ரெண்டும் படம் ஃபுல்லா சேர்த்து பத்து வார்த்தை பேசல, இதுல எங்கேர்ந்து நட்பு? ஒரு பொண்ணா உங்களுக்கு இதுல அப்படி என்னதான் இருக்கு?

பிப்ரவரி 6, இரவு 11.40
பத்து வார்த்தை பேசலங்கறதுதான் தம்பி மேட்டரே.

ரியோ பிராவோ பாத்திருக்கியா? 1959, ஹோவர்ட் ஹாக்ஸ் படம். ஜான் வெயின்தான் ஷெரிஃப், அதாவது ஊர் போலீஸ் தலைவர், பேரு சான்ஸ். டீன் மார்ட்டின் அவரோட பழைய டெபுடி, அதான் உதவி ஷெரிஃப், பேரு டியூட், ஒரு பொண்ணு விட்டுட்டுப் போனதுல குடிச்சு குடிச்சு நாசமாப் போனவன். முதல் சில நிமிஷம் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. டியூட் பார்ல நுழையறான், கையில காசில்ல, வாய் வறண்டு கிடக்கு. ஒரு பணக்காரத் திமிரு புடிச்சவன் வெள்ளி டாலர எடுத்து படிக்கத்துக்குள்ள போடுறான். ஆமா, எச்சில் துப்புற படிக்கம்தான். டியூட் குனிஞ்சு கைய விடப் போறான், ஒரு பூட்ஸ் கால் வந்து படிக்கத்த எத்தி விடுது. நிமிர்ந்து பாத்தா சான்ஸ் நிக்கிறாரு. அவர் பார்வையில கோவமா அசிங்கமான்னு சொல்ல முடியாது. டியூட் அந்த அவமானம் தாங்காம கட்டைய எடுத்து சான்ஸ் மண்டையிலயே போடுறான்.

அதுக்கப்புறம் அதே டியூட்தான் அவருக்கு டெபுடி. குடிய நிறுத்தணும்னு பாக்குறான். சிகரெட் சுருட்டப் போவான், கை நடுங்கும், தாள் கிழியும், புகையிலை கொட்டும். சான்ஸ் ஒண்ணும் சொல்லாம தான் சுருட்டி வச்சிருக்கறத நீட்டுவாரு, அவன் வாங்கிப்பான். திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. படத்துல இது திரும்பத் திரும்ப வருது. "நீ எனக்கு முக்கியம்டா"ன்னு ஒரு வசனம் இருக்கான்னு தேடிப்பாரு, கிடையாது.

பிப்ரவரி 7, காலை 9.15
டூட்டி முடிஞ்சு பஸ்ல உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

பொண்ணா உனக்கு என்னன்னு கேட்டல்ல. பொண்ணா என்னன்னு தெரியல, நர்ஸா சொல்றேன். நான் குடி நிறுத்துற வார்டுல ரொம்ப நாள் இருந்தவ. அந்தக் கைநடுக்கம் எனக்கு அத்துப்படி. கடைசியா குடிச்சு கொஞ்ச மணி நேரத்துலயே விரல் நுனில ஆரம்பிக்கும், டீ கிளாஸ் பிடிக்க முடியாது, சட்டை பட்டன் போட முடியாது, வேர்த்துக் கொட்டும். அப்ப வீட்டு ஆளுங்க ரெண்டு மாதிரிதான் நடந்துப்பாங்க. ஒண்ணு திட்டுவாங்க. இல்லன்னா அழுதுகிட்டே தானே பட்டன் போட்டு விடுவாங்க, வாயில ஊட்டுவாங்க. ரெண்டுமே அந்த ஆள இன்னும் குறுக வைக்கும், நான் பாத்திருக்கேன். ஒரு பெரியவர் மட்டும், பேஷண்டோட கூட்டாளி, தினமும் சாயங்காலம் வந்து பேப்பர சத்தமா படிப்பாரு, கபடி மேட்ச் பத்தி சண்டை போடுவாரு, நடுவுல பாதி கிளாஸ் மட்டும் டீ ஊத்தி அவன் கையில குடுப்பாரு. பாதி கிளாஸ்னா எவ்வளவு நடுங்குனாலும் கொட்டாது. அத ஏன்னு அவரும் சொல்லல, இவனும் கேக்கல. அப்புறம் நைட்ல ரியோ பிராவோ பாத்தப்ப சான்ஸ் சிகரெட்ட நீட்டுற இடம் வந்துச்சு, நான் நிறுத்திட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

ஒரு முக்கியமான விஷயம், படத்த பாத்து ஏமாந்துடாதீங்க. வருஷக்கணக்கா தினமும் குடிச்ச ஆளு டியூட் மாதிரி திடீர்னு வீட்ல வச்சு நிறுத்தக் கூடாது. முதல் ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் கண்காணிப்புல மாத்திரை போட்டு, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு நிறுத்துறதுதான் முறை. சான்ஸ் நல்ல ஃப்ரெண்டு, நல்ல வார்டு கிடையாது.

பிப்ரவரி 7, இரவு
இப்பதான் தோணுச்சு. இந்தப் படம் நம்ம ஊர்ல தியேட்டர்ல போட்டா "புகைபிடித்தல் உடல்நலத்திற்கு தீங்கானது" கீழ ஓடிக்கிட்டே இருக்கும். மொத்த நட்பும் அந்த வரி மேலதான் நடக்கும் 😂

பிப்ரவரி 9
ஹை நூன்லயும் இதே மாதிரி ஷெரிஃப் கதைதானே, அதுதானே பெரிய படம்னு கேட்டிருக்க. பெரிய படம்தான், 1952, கேரி கூப்பர் முகத்துல இருக்கற களைப்புக்காகவே பாக்கலாம். ஆனா அது நட்பு இல்லாத ஊரோட கதை. மார்ஷல் வில் கேன் ஒவ்வொரு வீடா, சர்ச்சா, பாரா போய் கூட வாங்கன்னு கேக்குறாரு, ஒருத்தனும் வரல, ஒருத்தர் வீட்ல இருந்துக்கிட்டே பொண்டாட்டிய விட்டு இல்லன்னு சொல்லச் சொல்றாரு. கதை எழுதுன கார்ல் ஃபோர்மன அந்த நேரத்துலதான் அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி கூப்பிட்டு கம்யூனிஸ்டா, யார் பேரெல்லாம் சொல்றன்னு குடைஞ்சாங்க. அவர் யாரையும் காட்டிக் குடுக்கல. சினிமா உலகத்துல கதவு மூடிடுச்சு, இங்கிலாந்துக்குப் போயிட்டாரு. தெரிஞ்சவங்க எல்லாம் ஒதுங்குற வலி அந்தப் படத்துல இருக்குன்னா அது சும்மா இல்ல.

ஹாக்ஸுக்கும் வெயினுக்கும் அந்தப் படம் புடிக்கல. நல்ல ஷெரிஃப் ஊர்க்காரங்ககிட்ட போய் கெஞ்ச மாட்டான்னு ஹாக்ஸ் கட்சி. அதுக்கு பதில்தான் ரியோ பிராவோ, அதுல சான்ஸ் உதவி வேணாம்னே சொல்றாரு, வேலை தெரியாதவங்க வந்தா சுமைங்கறாரு. ஆனா கவனி, அவர் வேணாம்னாலும் எல்லாரும் வந்துடுறாங்க. குடிகாரன், நொண்டிக்கால் கிழவன் ஸ்டம்பி, பொடிப்பய கொலராடோ, சீட்டாடுற ஃபெதர்ஸ். கடைசி வரைக்கும் ஒவ்வொரு தடவையும் அவர யாராவதுதான் காப்பாத்துறாங்க. வீராப்பு பேசுற படம்னு நினைச்சா உள்ள இருக்கறது வேற.

வெயினோட அரசியல் எனக்கு சுத்தமா ஆகாது, ஃபோர்மன நாட்ட விட்டு வெளிய போக வச்சதுல எனக்கு வருத்தமே இல்லன்னு பின்னாடி சொன்ன மனுஷன். இருந்தாலும் அந்த சிகரெட் நீட்டுற கை புடிக்குது. ரெண்டும் ஒரே ஆள்தான், என்ன பண்ண.

பிப்ரவரி 10
சிகரெட்னதும் சுருட்டு ஞாபகம் வந்துடுச்சு. தி குட் தி பேட் அண்ட் தி அக்லி நீ கண்டிப்பா பாத்திருப்ப. எல்லாரும் கடைசி கல்லறை சீன்தான் பேசுவாங்க. எனக்கு மடத்து சீன்.

டூக்கோங்கற கொள்ளைக்காரனோட அண்ணன் தம்பில ஒருத்தர் அங்க பாதிரியார். பல வருஷம் கழிச்சுப் பாக்குறான். அம்மா செத்து ரொம்ப நாளாச்சு, அப்பா இப்பதான் சில நாள் முன்னாடி போனாருன்னு அங்கதான் தெரியுது. வாய்ச்சண்டை முத்தி கைகலப்பாகி கிளம்பிடுறான். பிளாண்டி, அதான் கிளின்ட் ஈஸ்ட்வுட், இத எல்லாம் ஒளிஞ்சு நின்னு கேட்டுட்டாரு. டூக்கோவுக்கு அது தெரியாது. வண்டில ஏறினதும் பீத்துறான் பாரு, என் உடன்பிறப்புக்கு என் மேல உசிரு, போகவே விட மாட்டேன்னுட்டான், எனக்குன்னு எங்கயாச்சும் ஒரு கிண்ணம் சூப் எப்பவும் இருக்குன்னு. பிளாண்டி கேட்டுக்கிட்டே வர்றாரு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நல்ல சுருட்டு இருந்தா தேவலன்னு சொல்லி, தான் பாதி புடிச்ச சுருட்ட அவன் வாய்க்கு மாத்தி விடுறாரு. டூக்கோ முதல்ல முழிக்கிறான், அப்புறம் மெதுவா சிரிக்கிறான், அதுக்குள்ள இசை ஏறிடுது.

இத்தனைக்கும் இவனுங்க ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாலைவனத்துல சாக விட்டவனுங்க! நட்புன்னு சொல்ற தகுதியே இல்ல. ஆனா ஒருத்தன் பொய் சொல்றான்னு தெரிஞ்சும் அந்தப் பொய்ய கலைக்காம விட்டான் பாரு, அது எங்க வார்டுல தினம் நடக்கறது. "எம் பையன் நாளைக்கு வர்றேன்னு போன் பண்ணான் சிஸ்டர்"னு சொல்லுவாங்க. நாங்க சரிப்பான்னு சொல்லுவோம்.

(ஈஸ்ட்வுட்டுக்கு நிஜத்துல சுருட்டே ஆகாதாம், அந்தப் படங்கள்ல வாயில வச்சு வச்சு கடுப்பாயிட்டாராம். முறைப்பு நடிப்பு இல்ல போல.)

பிப்ரவரி 13
"பேசாத நட்புன்னு சொல்றீங்களே, புட்ச் கேசிடி அண்ட் தி சன்டேன்ஸ் கிட்ல வாய் ஓயாம பேசுறானுங்களே" ன்னு மடக்கிட்டதா நினைப்பா? அவனுங்க பேசுறது எல்லாமே முக்கியமானத பேசாம இருக்கத்தான். ரெண்டு கொள்ளைக்காரனுங்க, மலை உச்சி, கீழ ஆறு, பின்னாடி துரத்துற கூட்டம். குதிக்கலாம்ங்கறான் புட்ச், மாட்டேன்ங்கறான் சன்டேன்ஸ். ஏன்டான்னா, எனக்கு நீச்சல் தெரியாதுங்கறான். புட்ச் விழுந்து விழுந்து சிரிக்கிறான், விழற அடியிலயே செத்துடுவ, நீச்சல் எதுக்குன்னு. சாவு பக்கத்துல நிக்கிற நேரத்துல ஒருத்தன ஒருத்தன் கலாய்க்கிறது. கடைசில பொலிவியாவுல உடம்பெல்லாம் குண்டு, அப்பயும் அடுத்து ஆஸ்திரேலியா போலாமான்னு பேச்சு. ரெண்டு பேருக்கும் தெரியும் எங்கயும் போகப் போறதில்லன்னு.

நிஜ புட்ச் பேரு ராபர்ட் லீராய் பார்க்கர், சன்டேன்ஸ் ஹாரி லாங்கபா. 1908 நவம்பர்ல பொலிவியாவுல சான் விசென்டேங்கற ஊர்ல முடிஞ்சாங்கன்னுதான் வரலாறு. இல்ல புட்ச் தப்பிச்சு ஊருக்கே வந்துட்டான்னு சொல்றவங்களும் இருக்காங்க. அவனுங்க கூட்டத்துக்கு வைல்ட் பன்ச்னுதான் பேரு, ஆனா இந்தப் படம் வந்த அதே 1969ல டைரக்டர் பெக்கின்பா அந்தப் பேர்லயே படம் விட்டதால இதுல ஹோல் இன் தி வால் கேங்னு வச்சாங்க. புட்சா நடிச்ச பால் நியூமன் பின்னாடி 1988ல கடுமையான நோய் இருக்கற குழந்தைங்களுக்காக கனெடிகட்ல ஒரு கேம்ப் ஆரம்பிச்சாரு, அதுக்கு இந்த கொள்ளைக்கூட்டம் பேரத்தான் வச்சாரு. சன்டேன்ஸா நடிச்ச ராபர்ட் ரெட்ஃபோர்ட் அந்தப் பேர தன் சினிமா அமைப்புக்கு வச்சாரு. 2025 செப்டம்பர்ல ரெட்ஃபோர்ட் போன அன்னிக்கு நைட்டு நான் படத்த போட்டு அந்த மலை சீன் வரைக்கும் பாத்துட்டு ஆஃப் பண்ணிட்டேன். முடிவு வேணாம்னு.

பிப்ரவரி 14
கேட்டுட்டியா. இன்னிக்கு தேதிய பாத்து கேட்டியா? "இது வெறும் நட்புதானா, இல்ல வேற ஏதாவதா?"

ரெண்டா இருந்தாலும் எனக்கு சரிதான். 1948ல வந்த ரெட் ரிவர்ல மான்ட்கோமரி கிளிஃப்டும் ஜான் அயர்லாந்தும் ஒருத்தர் துப்பாக்கிய ஒருத்தர் வாங்கி ரசிச்சுப் பாக்குற சீன் இருக்கு. அத எத்தனையோ பேர் எத்தனையோ விதமா எழுதிட்டாங்க, பாத்தா ஏன்னு புரியும். அதே படத்துல வெயினும், அவர் மகனா வளர்த்த கிளிஃப்டும் கடைசில கட்டிப்புரண்டு அடிச்சுக்கிறாங்க. ஒரு பொண்ணு துப்பாக்கிய எடுத்து சுட்டு, உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு அன்புதான், ஊருக்கே தெரியுது, நிறுத்துங்கடான்னு கத்துறா. ரெண்டு மணி நேரமா ஆம்பளைங்களுக்கு வாயில வராதத அவ ஒரு வரில போட்டு உடைக்கிறா. நிறைய பேருக்கு அந்த முடிவு புடிக்காது. எனக்குப் புடிக்கும், வீட்ல நான் பண்ற வேலையே அதுதான்.

ப்ரோக்பேக் மவுன்டன் (2005) பாத்தப்புறம் தான் எனக்கு இந்த "பேசாம இருக்கறது அழகு"ங்கற என் பாட்டு மேலயே கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு. 1963ல வயோமிங் மலையில ஆடு மேய்க்கப் போன எடத்துல காதல்ல விழற ரெண்டு பசங்க, எனிஸும் ஜாக்கும். எனிஸ் வாயே திறக்க மாட்டான், பாதி வார்த்தை பல்லுக்குள்ளயே நிக்கும். ஜாக் செத்தப்புறம் அவன் வீட்டுக்குப் போறான், அலமாரில பழைய சட்டை ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி வச்சிருக்கு, வெளிய ஜாக்கோடது, உள்ள தன்னோடது, சட்டை கையில அன்னிக்கு மலையில போட்ட சண்டையோட ரத்தக்கறை. எடுத்து மோந்து பாக்குறான். சான்ஸ் பேசாம இருந்தது டியூட்டோட மானத்தக் காப்பாத்த. எனிஸ் பேசாம இருந்தது பயத்துல, வெளிய தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவாங்கன்னு சின்ன வயசுலயே அப்பன் கூட்டிட்டுப் போய் பொணத்தக் காட்டி வளர்த்த பயம். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டு மௌனமும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுதான் பேஜார்.

பிப்ரவரி 18
நாலு நாளா டபுள் டூட்டி. லோன்சம் டவ் பத்தி எழுதணும்னு இருந்தேன்.

1989ல டிவில வந்த சீரிஸ். ராபர்ட் டுவால்தான் கஸ், டாமி லீ ஜோன்ஸ்தான் கால் (Call, ஆளோட பேரு). டெக்சாஸ்லேர்ந்து மான்டானா வரைக்கும் மாடு ஓட்டிட்டுப் போறாங்க. கஸ் வாயாடி, கால் கல்லு. கஸ்ஸுக்கு கால்ல அம்பு பட்டு அழுகிடுது, ஒரு காலை எடுத்தாச்சு, இன்னொண்ணையும் எடுக்க விடமாட்டேன்னு சாகுறான், என்னைய டெக்சாஸ்ல கொண்டு போய் புதைன்னு கேட்டுட்டு. கால் அந்த வாக்குக்காக கஸ் உடம்ப வண்டில வச்சு அவ்வளவு தூரம் திரும்ப கொண்டு போறான். வழியில பாக்குறவன் எல்லாம் பைத்தியமாங்கறான்.

இது சும்மா கதை இல்ல. சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவிங்னு நிஜமாவே ரெண்டு மாட்டு வியாபாரிங்க. 1867ல கொமான்சி பழங்குடிங்க தாக்கி லவிங்குக்கு அடிபட்டு, நியூ மெக்சிகோல ஃபோர்ட் சம்னர்ங்கற ராணுவ முகாம்ல கை அழுகி செத்துப் போறாரு. அன்னிய மண்ணுல புதைக்காதன்னு கேட்டதால குட்நைட் உடம்ப தோண்டி எடுத்து டெக்சாஸ்ல வெதர்ஃபோர்டுக்கு கொண்டு போயி புதைச்சாரு.

இத படிக்கும்போது எனக்கு இன்னொண்ணு உறுத்துச்சு. ஃபோர்ட் சம்னர்ல மாடு வாங்க யாரு இருந்தா? ராணுவம். எதுக்கு? 1864ல நவஹோ பழங்குடி மக்கள ஊர விட்டுத் துரத்தி நூத்துக்கணக்கான மைல் நடக்க வச்சு எட்டாயிரத்துக்கும் மேல பேர அங்க அடைச்சு வச்சிருந்தாங்க, அவங்களுக்குப் போடத்தான் மாடு. துரத்துன படைக்குத் தலைவன் யாருன்னா, கிட் கார்சன். நம்ம லயன் காமிக்ஸ் வாசகர்கள் இப்ப நிமிர்ந்து உக்காந்திருப்பீங்க! ஆமா, டெக்ஸ் வில்லர் கூடவே எப்பவும் புலம்பிக்கிட்டு, ஸ்டீக்கும் வறுத்த உருளைக்கிழங்கும் கேட்டுக்கிட்டு வருவாரே அதே நரைமுடி கார்சன் பேருதான். காமிக்ஸ்ல டெக்ஸ் நவஹோக்களோட தலைவர், கார்சன் அவர் உயிர் நண்பன். 1948ல இத்தாலிக்காரங்க உருவாக்குனது. நான் சிவகாசி காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவ, எனக்கு முதல் வெஸ்டர்ன் நட்பே அந்த ரெண்டு பேரும்தான். நிஜக் கார்சன் என்ன பண்ணான்னு வளர்ந்தப்புறம் படிச்சா வயித்தக் கலக்குது.

பிப்ரவரி 18, கொஞ்சம் கழிச்சு
மேல எழுதுனதோட இதையும் சேத்துக்கோ. குட்நைட் கூட போஸ் ஐகார்ட்னு ஒரு கறுப்பினத்தவர், அடிமையா பிறந்து விடுதலையானவர். பணத்த அவர்கிட்டதான் குடுத்து வைப்பாரு குட்நைட், அவ்வளவு நம்பிக்கை. 1929ல ஐகார்ட் இறந்ததும் குட்நைட்டே கல்லறைக்கல் வச்சாரு. நாலு வருஷம் என்கூட இருந்தாரு, வேலையில பின்வாங்குனதில்ல, உத்தரவ மீறுனதில்ல, மாடுங்க மிரண்டு ஓடுனப்ப கூடவே குதிரை ஓட்டுனாரு, கொமான்சிங்க கூட மூணு சண்டையில நின்னாருன்னு அதுல இருக்கு. லோன்சம் டவ்ல டீட்ஸ்ங்கற ஆளு கல்லறைக்கு அந்த கால்ங்கறவன் செதுக்குற பலகை இதுலேர்ந்துதான் வந்துது.

அந்தக் கல்லு அன்பாத்தான் இருக்கு. ஆனா "உத்தரவ மீறுனதில்ல"ன்னு ஃப்ரெண்டு கல்லறையில யாராவது எழுதுவாங்களா? லவிங்குக்கு அப்படி எழுத மாட்டாருல்ல. வெஸ்டர்ன்ல நட்புன்னு நான் உருகுறதெல்லாம் பெரும்பாலும் ரெண்டு வெள்ளைக்காரனுக்கு நடுவுல. மத்தவங்க விசுவாசமான ஆளு, இல்ல சிரிப்புக்கு ஒரு ஓட்டல்காரன், ரியோ பிராவோ கார்லோஸ் மாதிரி. தெரிஞ்சேதான் பாக்குறேன்.

பிப்ரவரி 22
வயசானவங்க கதை வேணும்னா ரைடு தி ஹை கன்ட்ரி, 1962. ஜோயல் மக்ரீ, ராண்டால்ஃப் ஸ்காட், ரெண்டு பேருமே அதுவரைக்கும் எக்கச்சக்க வெஸ்டர்ன் பண்ணி ஓய்ஞ்சவங்க, போஸ்டர்ல யார் பேரு முதல்லன்னு காசு சுண்டிப் பாத்தாங்களாம். மக்ரீக்கு தங்கத்த பத்திரமா பேங்க்ல சேக்குற வேலை. ஸ்காட் பழைய கூட்டாளி, கூட வர்றான், மனசுக்குள்ள அத அடிச்சிட்டுப் போற திட்டம். மாட்டிக்கிறான், கைய கட்டி இழுத்துட்டுப் போறாரு மக்ரீ. அப்புறம் தப்பிச்சவன் சண்டைன்னதும் திரும்பி வர்றான். மக்ரீக்கு குண்டு பட்டு முடியப் போகுது. தங்கத்த நீ சொன்ன மாதிரியே சேத்துடுறேன்ங்கறான் ஸ்காட். அதுக்கு அவர், அது எனக்கு எப்பவும் தெரியும், நீதான் கொஞ்ச நாள் மறந்துட்டங்கறாரு.

மன்னிச்சுட்டேன்னு சொன்னா மேல நிக்கிற மாதிரி ஆயிடும். மறந்துட்டன்னு சொன்னா பக்கத்துல நிக்கிற மாதிரி. எங்க வார்டுல திரும்பக் குடிச்சிட்டு வந்து அட்மிட் ஆகுறவங்ககிட்ட நான் இப்ப அப்படித்தான் பேசிப் பாக்குறேன். டாக்டர்ங்க ஒரு மாதிரி பாக்குறாங்க, பாக்கட்டும்.

பிப்ரவரி 25
அப்பாடா, ரியோ பிராவோ பாத்துட்டியா. 141 நிமிஷம் ஜாஸ்தின்னு புலம்பு, ஒத்துக்கறேன். ஜெயில்ல உக்காந்து பாட்டு பாடுற சீன் தேவையான்னு கேட்ட பாத்தியா, அங்கதான் நமக்கு ஒத்து வராது. வெளிய கொல்ல ஆள் நிக்குது, உள்ள டீன் மார்ட்டின் தொப்பிய கண்ணு மேல இறக்கி விட்டுட்டு படுத்துக்கிட்டே பாடுறான், கிழவன் ஹார்மோனிகா, வெயின் மட்டும் பாடாம கையில காபி கப்போட நின்னு சிரிக்கிறாரு. அந்த சிரிப்புக்கே காசு செரிச்சிடுச்சு. இசையமைப்பாளர் டிமிட்ரி டியோம்கின் அந்த மெட்ட ரெட் ரிவர்லேர்ந்தே எடுத்து மாத்திப் போட்டாரு, அதையும் கேட்டுப் பாரு.

நீ சொன்ன இன்னொண்ணு சரி, ஸ்டம்பி டியூட்ட சுடுற காமெடி செம்ம. குளிச்சு ஷேவ் பண்ணி நல்ல சட்டை போட்டு வந்ததால யாரோன்னு சுட்டுட்டான் கிழவன். குடிய விட்டா என்ன ஆகும்னு எங்க பேஷண்டுங்களுக்கு சொல்ல நல்ல உதாரணம்.

அடுத்து எல் டொராடோ பாரு, அதே ஹாக்ஸ் அதே கதைய 1966ல திருப்பி எடுத்தது, இதுல ஷெரிஃப்தான் குடிகாரன், ராபர்ட் மிச்சம். கடைசில அவரும் வெயினும் ஆளுக்கொரு ஊன்றுகோல வச்சுக்கிட்டு தெருவுல நடந்துக்கிட்டே சண்டை போடுவாங்க. நடுவுல ஜேம்ஸ் கான் போதை தெளிய ஒரு மருந்து கலக்குவான்: மிளகாய்த்தூள், கடுகு, வாந்தி மருந்து, நேர்வாள எண்ணெய், துப்பாக்கி மருந்து, அப்புறம் நம்ம பெருங்காயம்! டெக்சாஸ்ல பெருங்காயம் எந்த நாட்டு மருந்துக் கடையில வாங்குனானோ. அந்த ஷெரிஃப ரெண்டு பேர் புடிச்சு வாயில ஊத்துவாங்க. சிரிச்சுட்டு விட்டுடு, நேர்வாளம்லாம் குடல உருவி எடுத்துடும், யாரும் யாருக்கும் ட்ரை பண்ணித் தொலையாதீங்க. நைட் டூட்டில வந்து நிப்பீங்க, நான்தான் பக்கெட் தூக்கணும்.